மிச்சப் பச்சை

பீடத்துக்குப் பின்னால் சுவர் பொருக்குத் தட்டி உதிர்ந்தது.
மண்டபத்து உப்புக்காற்று
வேதாகமத்தின் ஓரங்களையே விடுவதில்லை,
சுண்ணாம்பை விடுமா?
ஒரு படம் எழுதலாம் என்று கமிட்டி கூடிப் பேசியது:
தண்ணீர்மேல் நடக்கும் கர்த்தர்,
கை நீட்டும் பேதுரு,
சின்னதாய் ஒரு படகு.
ஒதுக்கீடு ஒன்பதாயிரம். பொருளாளர் நான்.
மதுரை ஓவியர் நாற்பது கேட்டார்,
பஸ் சார்ஜ் நீங்கலாக.

அப்படித்தான் கலந்தர் வந்தார்.
வடகடல் ஜெட்டியில் விசைப்படகுகளுக்குப்
பெயரும் பதிவெண்ணும் எழுதுகிறவர்.
"கடல் எழுதிருவேன். படகு எழுதிருவேன்.
முகம் மட்டும் கேக்காதீங்க டீச்சர்.
எனக்கு வராது. வந்தாலும் எழுதமாட்டேன்."
ஆயர் எபநேசர் கொஞ்சம் யோசித்தார்.
"கால் வருமா?"
"கால் வரும்."

லெந்து நாற்பது நாளும் சாரத்தின் மேல் கலந்தர்,
கீழே திருவிருந்து.
கடல் பச்சையாக வந்தது.
படகுக்கு அடிக்கச் சொல்லி அரசாங்கம் சொன்ன அதே பச்சை,
டப்பா டப்பாவாய் அவரிடம் மிச்சம்.
அடிக்கவேண்டிய படகுகள்
அக்கரையில் கட்டிக் கிடந்தன.
"கடல் நீலமில்லையா?" என்றார் தவமணி சாமுவேல்,
முப்பது வருஷம் கருவூலத்தில் இருந்தவர்.
"கச்சான் அடிக்கைல வந்து பாருங்க,"
சாரத்திலிருந்து குரல் மட்டும்.

பெரிய வெள்ளிக்கு முந்தின நாள் படுதாவை விலக்கினோம்.
இரண்டு பாதங்கள். பெருவிரல் நகம் உடைந்திருந்தது.
முழங்காலுக்கு மேலே வெறும் வெள்ளை,
வெளிச்சம் போல,
அல்லது வேலை முடியாதது போல.
பேதுருவுக்கு ஒரு கை மட்டும்.
படகின் முகப்பில், யாரும் சொல்லாமலே,
கைப்பழக்கத்தில் ஓர் எண்.

நாங்கள் சும்மா இருந்த சபை இல்லை.
கண் முகாம் வைத்தோம்: பதினொரு பேர்,
அதில் ஏழு பேர் எங்கள் ஆட்கள்.
போன தடைக்காலத்தில் கஞ்சி காய்ச்சினோம்,
பாதி அண்டா திரும்பி வந்தது.
'அனைவரும் வருக' என்ற பிளெக்ஸைக் காற்று பிய்த்துக்கொண்டுபோய்
அகதி முகாம் வேலியில் மாட்டியது.

அந்த எண்ணைப் பார்க்கத்தான் ஆள் வந்தது.
முதலில் நம்புராணி,
பாசி எடுத்துவிட்டு ஈரச்சேலையோடு, விரல்களில் துணிக்கட்டோடு.
உள்ளே வரலாமா என்று கேட்கவில்லை.
நேரே போய் இலக்கம் இலக்கமாய்த் தொட்டாள்.
அவள் வீட்டுக்காரன் ஏறிப்போன படகு.
படகு பிடிபட்டது என்றார்கள்,
ஆள் பட்டியலில் இல்லை.
கும்பிடவில்லை, அழவில்லை.
காலண்டர் பார்ப்பது போல் பார்த்துவிட்டுப் போனாள்.

அடுத்த கிழமை தங்கச்சிமடத்திலிருந்து வேனில் நான்கு பெண்கள்,
அந்தோணியார் கோயில்காரர்கள்.
"எங்க நம்பரையும் போடுங்க" என்று
மளிகைச் சீட்டு மாதிரி நீட்டினார்கள்.
கலந்தர் என்னைப் பார்த்தார்.
நான் ஆயரைப் பார்த்தேன்.
ஆயர் சுவரைப் பார்த்தார்.

இப்போது ஞாயிறுதோறும்
பாவ அறிக்கைக்கு முழங்கால் போடும் நேரம்
பாட்டுத் தெரியாத பெண்கள் பின்வரிசையில்
எண்களை வாசிக்கிறார்கள், வாய்க்குள்.
பாடகர் குழு தாளம் தப்புகிறது.
ஆர்கன் காத்திருக்கப் பழகிவிட்டது.

தீர்மானம் பதினான்கு:
கடலைத் தெற்குச் சுவருக்கும் நீட்டிக்க ஒப்புதல்.
முன்மொழிந்தவர் திரு. தவமணி சாமுவேல்.

ஆவணியில் ஒரு படகு திரும்பியது.
சொந்தக்காரர் வந்து எண்ணை அழிக்கச் சொன்னார்.
கலந்தர் ஒரே பூச்சில் மூடினார், காசு வாங்கவில்லை.
ஆனாலும் நாலு மணி வெயில் மேற்கு ஜன்னலில் சாய்ந்தால்
பச்சைக்குள் மேடு தட்டி நிற்கிறது,
திரும்பி வந்துவிட்ட எண்.

என் பேரேட்டில் ஒரு வரி இன்னும் காலி.
காணிக்கைப் பையில் நம்புராணி போட்டது
ஐம்பது ரூபாயும்
ஒரு பிடி காய்ந்த பாசியும்.
ஐம்பது, இதர வரவு.
பாசியை எந்தத் தலைப்பில் எழுத?
பீரோவில் வைத்திருக்கிறேன்.
மழைக்கு ஒரு நாள் முன்பே
அது நனைந்துவிடுகிறது.